போர்டைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்காதீங்க!

கோவையில் எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் ரோட்டோரம் பெரிய பெரிய போர்டுகள் கண்ணில் படும். இன்டர்நேஷனல் ஸ்கூல், குளோபல் ஸ்கூல், பப்ளிக் ஸ்கூல். 'பப்ளிக்' என்றால் பொதுமக்கள் என்றுதான் பத்தாவது வரை படித்த எனக்குத் தெரியும். ஆனால் பொதுமக்கள் வாசலைத் தாண்டி உள்ளே போகவே யோசிக்கிற பள்ளிகளுக்குத்தான் நம் ஊரில் அந்தப் பெயர். நிஜமாகவே பொதுமக்களுக்குச் சொந்தமான பள்ளிகளுக்கு அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி என்று பெயர். அந்தப் பேரைக் கேட்டாலே நம்ம ஒறம்பரை முகம் சுளிக்கும்.

இதே ஊரில் பீளமேட்டில் 1924-ல் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் ஆரம்பித்த பள்ளிக்கு 'சர்வஜன' என்று பெயர் வைத்தார்கள். எல்லா ஜனங்களுக்கும் என்று அர்த்தம். நூறு வருஷத்தில் பெயர் வைக்கிற பழக்கமே மாறிப்போச்சு.

சிரிப்புக்காக இதைச் சொல்லவில்லை சகோதரிகளே. என் மகளுக்குப் பள்ளி தேடி அலைந்தபோது எனக்குக் கிடைத்த அனுபவத்தை, வரும் மே மாதம் பள்ளி தேடப்போகும் தாய்மார்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு மிஷின், ஒரு ஆள். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்வார். 2020-ல் கொரோனா வந்தபோது பட்டறை பூட்டிக் கிடந்தது. திறந்த பிறகும் ஆர்டர் பழையபடி வரவில்லை. மகள் ஒரு மெட்ரிக் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பெல்லாம் செல்போனில். ஃபீஸ் மட்டும் செல்போனில் குறையவில்லை. இரண்டு வருஷம் என் வளையலை வைத்துக் கட்டினோம். 2022 ஏப்ரலில் அவள் ஐந்தாவது முடிக்கிற சமயம், 'இனி அடகு வைக்க ஒன்றும் இல்லைங்க, அரசுப் பள்ளியில் சேர்த்துடலாம்' என்று நான்தான் பேச்சை எடுத்தேன்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஏங்கண்ணு, ஒரு நேரம் சோறு இல்லாட்டியும் பரவால்ல. பொட்டப்புள்ளைய கவர்மெண்டு இஸ்கூலுக்குத் தாட்டி விடறதா? நாளைக்கு ஒறம்பரைக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். ஓரகத்தி போன் பண்ணி, "கஷ்டம்னா எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க்கா" என்றாள். பாசத்தோடுதான் கேட்டாள். எனக்கு ஊசி குத்தின மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் மட்டும், "நீயே நேர்ல போய்ப் பார்த்துட்டு வா புள்ள. உனக்குச் சரின்னு பட்டா எனக்கும் சரிதான்" என்றார்.

அவர் சொன்ன அந்த 'நேர்ல போய்ப் பார்த்துட்டு வா' என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்த விஷயமே. சேலை எடுக்கப் போனால் கடைவீதியில் நாலு கடை ஏறி இறங்குகிறோம். பிரித்துப் பார்த்து, முந்தியைத் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து எடுக்கிறோம். பிள்ளை ஏழு வருஷம் போய் உட்காரப்போகும் பள்ளியை மட்டும் அடுத்த வீட்டு அக்கா சொன்னார், போர்டில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று போட்டிருக்கிறது என்று முடிவு பண்ணிவிடுகிறோம்.

அந்த ஏப்ரலில் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று 2021-ல் அறிவித்திருந்ததால் அலைச்சலுக்குக் காசும் செலவாகவில்லை. மூன்று பள்ளிகள் பார்த்தேன். மூன்றும் பொதுப் பணத்தில் நடக்கிறவைதான்.

முதலாவது, புதுக் கட்டடம். பளபளவென்று பெயின்ட். சுவரில் கம்ப்யூட்டர் படம். எனக்குப் பார்த்ததுமே பிடித்துப்போய்விட்டது. சும்மா ஒரு சுற்று வந்தேன். பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறை பூட்டிக் கிடந்தது. தண்ணீர் இல்லையாம். அங்கே நின்ற ஒரு பெண்ணிடம், "அப்ப என்ன கண்ணு பண்ணுவீங்க?" என்றேன். "வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டோங்க்கா" என்றாள். எட்டாவது படிக்கிற பிள்ளை. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. பழகிப்போயிருந்தது. என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

இரண்டாவது, அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. பழைய பேர் பெற்ற பள்ளி. கண்டிப்பு, ஒழுக்கம் எல்லாம் நன்றாக இருந்தது. ஆசிரியைகள் மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். விட்டு வீடு சேர ஆறரை ஆகிவிடும். மழைக்காலத்தில் அந்நேரத்துக்கு இருட்டிவிடும். தூரம் என்பதை லேசாக நினைக்காதீர்கள். நான் அன்னூர் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். பத்தாவதில் நல்ல மார்க்தான் வாங்கினேன். பிளஸ் ஒன் படிக்க வேண்டுமானால் எட்டு கிலோமீட்டர் போக வேண்டும், பஸ் சரியான நேரத்துக்குக் கிடையாது. 'வேண்டாம் சாமி, படிச்ச வரைக்கும் போதும்' என்று அப்பா சொல்லிவிட்டார். என் படிப்பை நிறுத்தியது பாடம் இல்லை, அந்த எட்டு கிலோமீட்டர்தான்.

மூன்றாவது, நடந்து போகிற தூரத்தில் ஒரு மாநகராட்சிப் பள்ளி. பார்வைக்கு ஒன்றும் இல்லை. பாதி ஓட்டுக் கட்டடம், பெயின்ட் உரிந்த சுவர். மணி அடித்து ஒரு வகுப்புப் பிள்ளைகள் குழாயடிக்கு வந்தார்கள். ஒரு பெண்ணிடம் நோட்டை வாங்கிப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் திருத்தம், கீழே தேதி, கையெழுத்து. ஓரிடத்தில் 'மீண்டும் எழுது' என்று போட்டு, அவள் மீண்டும் எழுதி, அதையும் திருத்தியிருந்தார்கள். கழிப்பறையில் தண்ணீர் வந்தது. தலைமை ஆசிரியை என்னை உட்கார வைத்து, "மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா. கணக்கு டீச்சர் இடம் ஒண்ணு காலியா இருக்கு, கேட்டு எழுதியிருக்கோம். மத்த பாடத்துக்கு ஆள் இருக்கு" என்றார். குறையைத் தானாகச் சொல்கிறவர் மற்றதையும் உண்மையாகத்தான் சொல்வார் என்று என் மனதுக்குப் பட்டது. அங்கேயே சேர்த்தேன்.

பார்த்தீர்களா? மூன்றும் பொதுப் பள்ளிகள்தான். ஒன்றுக்கு ஒன்று எவ்வளவு வித்தியாசம்! 'கவர்மெண்டு ஸ்கூல்னாலே மோசம்' என்பதும் தப்பு, 'அரசுப் பள்ளி எல்லாமே தங்கம்' என்று மேடையில் பேசுவதும் தப்பு. பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில் பிறந்து அரசுப் பள்ளியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை அவர்கள்தான் 2008-ல் நிலவுக்குப் போன சந்திரயானுக்குத் திட்ட இயக்குநராக இருந்தார். நமக்கெல்லாம் பெருமைதான். அவர் ஒருவரைக் காட்டி எல்லா அரசுப் பள்ளிக்கும் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. அதேபோல் பூட்டிய ஒரு கழிப்பறையைக் காட்டி எல்லாவற்றையும் ஒதுக்கிவிடவும் கூடாது.

'மெட்ரிக் புத்தகம் வேறு, அதுதான் கஷ்டமான பாடம்' என்று இன்னமும் சில அம்மாக்கள் சொல்கிறார்கள். அது அந்தக் காலம். சமச்சீர் கல்வி 2010-ல் முதல் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் வந்தது. 2011 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு பத்தாவது வரை எல்லா வகுப்புக்கும் வந்துவிட்டது. மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளையும் எழுதுவது ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வுதான். ஆங்கில வழி வேண்டுமென்றால் அதுவும் பல அரசுப் பள்ளிகளில் பத்து வருஷத்துக்கு மேலாகவே இருக்கிறது.

இன்னொரு விஷயம். இது தெரியாமல் எத்தனையோ வீடுகளில் ஏமாந்து போகிறார்கள். பிள்ளை ஆறாவது போகிற வருஷம்தான் முக்கியமான வருஷம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று 2020-ல் சட்டம் வந்தது. நீட் எழுதித் தேறினால்தான், ஆனாலும் தனி இடம். 2021-ல் இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதைக் கொண்டுவந்தார்கள். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கினார்கள். கல்லூரிக்குப் போகிற அரசுப் பள்ளிப் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்கு என்று கொடுத்த திட்டத்தைத்தான் படிப்புக்கு என்று மாற்றினார்கள். தாலிக்கு உதவிய பணம் பட்டத்துக்கு உதவுவது எவ்வளவு நல்ல மாற்றம்! ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கி வைத்தார்கள்.

இதற்கெல்லாம் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்குதான். ஆனால் உதவி பெறும் பள்ளிக்கு 7.5 கணக்கில் இடமில்லை. அங்கே தமிழ் வழியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் உதவித்தொகை மட்டும் 2024 டிசம்பரில் கிடைத்தது. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் எட்டு வரை இலவசமாகப் படித்து, ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி, நாமாக நினைத்துக்கொண்டு ஒன்பதாவதிலோ பிளஸ் ஒன்னிலோ மாற்றினால் பலன் இல்லை. எங்கள் வீதியில் ஒரு அம்மா ஃபீஸ் கட்ட முடியாமல் மகளைப் பிளஸ் ஒன்னில் அரசுப் பள்ளிக்கு மாற்றினார். அந்தப் பெண் காலேஜ் சேர்ந்தபோது மனு போட்டார்கள், தள்ளுபடி ஆனது. "யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆறாவதுலயே மாத்தியிருப்பனே" என்று என்னிடம் அழுதார். அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறலாம். சேர்க்கும்போதே பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, சேர்த்தாச்சு. பிறகு எல்லாம் சுகமா? இல்லை. முதல் மாதம் மகள் தினமும் அழுதாள். "என்னை ஏம்மா இங்க கொண்டாந்து விட்ட?" என்று கேட்டாள். பழைய சிநேகிதிகள் யாரும் போன் பண்ணவில்லை. அந்த மௌனம்தான் அவளுக்கு வலித்தது. நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். ராத்திரி அவள் தூங்கின பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிடும், வரட்டுப் பிடிவாதத்தில் பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமோ என்று.

அடுத்து தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. நான் பார்த்துச் சேர்த்த கழிப்பறையிலும் தண்ணீர் நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். நாடு முழுக்க மோட்டார் பம்ப் அனுப்புகிற ஊர் நம் ஊர். அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து மோட்டார் எரிந்து கிடக்கிறது, கட்டிக் கொடுக்க ஆள் இல்லை! என் மகளும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். பாட்டில் கொண்டுபோனபடியே திரும்பி வந்தது. முதல் பள்ளியில் பார்த்த அந்த எட்டாவது வகுப்புப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த வருஷம்தான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றி அமைத்தார்கள். 2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு இது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. கூட்டத்துக்குப் போனேன், பேர் கொடுத்தேன். வாய் திறக்கவே பயமாக இருந்தது. இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, மில்லுக்குப் போகும் இரண்டு பேர், நான். நான்கு பேரும் மனு எழுதிச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனோம். முதல் தடவை 'ஐயா இல்லை' என்றார்கள். இரண்டாம் தடவை 'ஃபைல் மேலே போயிருக்கு' என்றார்கள். மூன்றாம் தடவை இட்லிக் கடை அம்மா, "அது எறங்குற வரைக்கும் நாங்க இங்கயே உட்கார்ந்துக்கறோம் சார்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் உட்கார்ந்தோம். அடுத்த வாரம் மோட்டார் வந்தது.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குடிநீர், ஆறாவது முதல் எட்டாவது வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இதெல்லாம் யாரோ மனமிரங்கிப் போடும் தர்மம் இல்லை. சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கேட்க நாம் போகாததுதான் குறை.

2011 ஜூனில் ஈரோடு கலெக்டராக இருந்த ஆனந்தகுமார் அவர்கள் தன் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்ததை நாமெல்லாம் பேப்பரில் படித்தோம். கலெக்டர் பிள்ளை உட்காருகிற வகுப்பில் பல்பு எரியாமல் இருக்குமா என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டோம். யோசித்துப் பார்த்தால் அதில்தான் விஷயமே இருக்கிறது. கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டால், உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்காகக் கேட்பது யார்? நம் வீட்டுப் பிள்ளை கலெக்டர் பிள்ளை இல்லைதான். ஆனால் நான்கு அம்மாக்கள் சேர்ந்து போனால் மோட்டார் வருகிறதே!

இப்போது என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். முதல் மார்க் எல்லாம் இல்லை. கணக்கு சுமார்தான். கணக்கு டீச்சர் வருவதற்கு ஏழு மாதம் ஆனது, அந்த ஓட்டையை இன்னமும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். தமிழும் அறிவியலும் நன்றாக வருகிறது. இங்கிலீஷ் பேசுவதில் பழைய பள்ளிப் பிள்ளைகள் அளவுக்கு வேகம் இல்லை, அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் நாலு பேர் முன்னால் கை தூக்கிக் கேள்வி கேட்கிறாள். சென்ற வருஷம் வகுப்பில் மின்விசிறி ஓடவில்லை என்று அவளே மனு எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கித் தலைமை ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறாள். அடுத்து நடந்த குழுக் கூட்டத்தில் அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். மாமியார் இப்போது ஒறம்பரை வந்தால், "எங்க புள்ள கார்ப்பரேசன் இஸ்கூலுதான் படிக்கிறா, நல்லாப் படிக்கிறா" என்று தானாகவே சொல்லிப்போடுகிறார்.

சகோதரிகளே, பள்ளி பார்க்கப் போனால் ஐந்து விஷயம் பாருங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? எந்த ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது? பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியிருக்கிறார்களா? இருட்டுவதற்குள் பிள்ளை வீடு சேருமா? படிக்கட்டும் வாசலும் அகலமாக, பூட்டு இல்லாமல் இருக்கிறதா? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிஞ்சுகளைத் தீயில் பறிகொடுத்தோம். அப்போது டி.வி. முன்னால் அழாத தாய் இல்லை. அதனால் கடைசிக் கேள்வியை எந்தப் பள்ளியிலும், எவ்வளவு பெரிய போர்டு மாட்டிய பள்ளியிலும் கேட்க மறக்காதீர்கள்.

லீவு நாளில் போகாதீர்கள். பள்ளி நடக்கிற நாளில், மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வருகிற நேரம் பார்த்துப் போங்கள். வசதி இருப்பவர்கள் தனியார் பள்ளியில் சேர்க்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கௌரவத்துக்காகக் கழுத்தில் காதில் கிடப்பதை அடகு வைக்கும் முன்னால், உங்கள் தெருக்கோடியில் இருக்கும் பள்ளிக்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். சரியில்லை என்று பட்டால் சேர்க்க வேண்டாம். நன்றாக இருந்தால் சேர்த்துவிட்டு, அடுத்த குழுக் கூட்டத்துக்கும் மறக்காமல் போங்கள்.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, கணபதி, கோவை.